கூப்பிடு தூரத்தில் கரை

“அம்மா, அந்த மாலுமி ரூமுக்குள்ள மட்டும் போகக் கூடாது. சொல்லிட்டேன்.”

“போவேன் தம்பி. நானும் சொல்லிட்டேன்.”

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுற்றுலா வழிகாட்டிக்கு முகம் சுருங்கியது. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு நிற்கிற அம்மாளிடம் என்ன வம்பு? மைக்கில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

“கீழ தெரியுது பாருங்க, அதுதான் மூழ்கின கப்பல். கேப்டன் செம குடி. கூப்பிடு தூரத்துல கரை! கண்ணு முழிச்சிருந்தா இங்க வந்து முட்டுவானா? முட்டினதும் முதல் ஆளா குதிச்சு ஓடிட்டான், மகராசன்.”

“நீ பார்த்தியா?”

“ஊரே சொல்லுதும்மா.”

“ஊர் கிடக்குது. அந்தப் பொய்யை இன்னிக்கு முடிக்காம நான் திரும்ப மாட்டேன்” என்றவள், தொப்பென்று தண்ணீரில் குதித்துவிட்டாள்.

அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வழிகாட்டியின் பிழைப்பில் மண் விழும். அவனும் பின்னாலேயே பாய்ந்தான்.

இரண்டு ஆள் ஆழம்தான். உடைந்த ஜன்னல் வழியே மாலுமி அறைக்குள் நுழைந்தவளை இழுக்கப் போனான். அவளோ அவன் மணிக்கட்டைப் பிடித்து, கப்பலைத் திருப்புகிற, பாசி படர்ந்த சுக்கான் சக்கரத்தின் மேல் அழுத்தினாள்.

மேலே வந்ததும் அவன் கத்தினான். “உங்களுக்கு அறிவிருக்கா?”

“இருக்கு. கையில என்ன தட்டுப்பட்டுச்சு?”

“ஏதோ சங்கிலி... சக்கரத்தைச் சுத்தி.”

“கரையைப் பார்த்துத் திருப்பி, நகராம கட்டியிருக்கு. நடுக்கடல்ல அடியில ஓட்டை. இருந்த ஒரே உயிர்காக்குற படகும் உடைஞ்சு போச்சு. தெரிஞ்சேதான் கரைகிட்ட கொண்டுவந்து முட்டினது. சக்கரத்தைக் கட்டிட்டு, கீழ்த்தட்டுல மாட்டினவங்களைத் தூக்கிட்டு வரப் போயாச்சு. ஒரு உயிர் போகல. குடிகாரன் செய்யுற வேலையா இது?”

படகில் யாரும் சிரிக்கவில்லை. இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். வழிகாட்டியின் குரல் இறங்கியிருந்தது.

“அப்படின்னா அந்த ஆளு ஏன் ஊருக்கு உண்மையைச் சொல்லல?”

அந்த அம்மாளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவன் கையிலிருந்த மைக்கை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“கரையேறினதுமே சொன்னேன். ‘நீ தள்ளும்மா, கேப்டன் எங்க ஓடினான்?’னு கேட்டுட்டு என்னைத் தாண்டிப் போயிட்டாங்க.”