இறங்காத கல்

அந்தத் தராசின் ஸ்பிரிங் பேச்சு மாறாது. ஒரு எடைக்கல் தொங்கினால் முள் ஒரு கோடு இறங்கும். இரண்டு தொங்கினால் இரண்டு. குட்டி எடைக்கல்லுக்கு அதைச் சீண்டிப் பார்க்க ஆசை. ஒருநாள் பெரிய பாறாங்கல்லைக் கூட்டிவந்து கொக்கியில் மாட்டிவிட்டது. ஸ்பிரிங் முனகிக்கொண்டே தரைவரை நீண்டது. எடைக்கல் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, பாறாங்கல்லை இறக்கி அனுப்பியது.

மறுநாள் காலை எடைக்கல் தனியாகத் தொங்கியது. முள் ஆறாம் கோட்டில் நின்றது.

"நான் ஒருத்தன்தானே இருக்கேன்?"

எடைக்கல் சட்டென்று கீழே குதித்தது. முள் சரியாக ஒரு கோடு ஏறி, ஐந்தில் நின்றுவிட்டது.

"இன்னும் யாரைத் தூக்கிக்கிட்டிருக்கே?"

வெறும் கொக்கி மெல்ல ஆடியது.

"நேத்து வந்த பெரியவரு இன்னும் இறங்கலையே," என்றது ஸ்பிரிங்.