நாற்பது போர்டுகளின் சம்மதம்

கருவிகளை இயக்கும் குட்டிக் கணினி போர்டை மனிதர்கள் தேர்ந்தெடுத்த காலம் மலையேறிவிட்டது. இப்போது போர்டுதான் ஆளை விசாரித்து, பிடித்தால் வேலைக்கு வருகிறது. பல்லடத்தில் குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்யும் பொன்னரசிக்கு மூன்று வகை லினக்ஸ் போர்டுகள் கைவிரித்துவிட்டன. வெறும் நாற்பது பெட்டிதான் என்றதும் அவை தாமாகவே அணைந்துகொண்டன. பெட்டிகளுக்கு முன்பணம் கொடுத்த கோழிப் பண்ணைக்காரரோ தினமும் வந்து வாசலில் நிற்கிறார்.

நான்காவது வகையில் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். அது நிதானமாகப் பேசியது.

"நாப்பதுன்னா பரவால்லீங்க. பத்து வருசம் கழிச்சும் எனக்கு அப்டேட் போடுவீங்களா?"

"என் புள்ள மாதிரி பாத்துக்குவனுங்க."

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றாங்க. எதுக்கும் அக்கம்பக்கத்துல விசாரிச்சுக்கறேன்."

அவள் சட்டென்று சுவரைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் மோட்டாரைக் கவனிக்கும் பழைய போர்டு அங்கேதான் இருந்தது. மாட்டிய நாளிலிருந்து அதை அவள் சரியாகப் பராமரித்ததில்லை.

பழைய போர்டு தொண்டையைச் செருமியது. "அப்டேட்டெல்லாம் இந்தம்மா போடாதுங்க. பாஸ்வேர்டு ஒண்ணு ரெண்டு மூணு நாலு. தூசிகூடத் தட்டாது." கொஞ்சம் யோசித்தது. "ஆனா மழையில கூரை ஒழுகுனப்ப, தான் நனைஞ்சுக்கிட்டு எனக்குத்தான் குடை புடிச்சுது."

புதிய போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. "எனக்குச் சம்மதமுங்க."

பொன்னரசிக்குப் போன உயிர் திரும்பியது. மிச்ச போர்டுகள் இருந்த அட்டைப்பெட்டியை அருகில் இழுத்தாள்.

"அவங்களைத் தனித்தனியாத்தான் கேக்கோணுமுங்க," என்றது போர்டு. "நான் எனக்கு மட்டுந்தானே சொன்னேன்."

பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "பத்து வருசம் கழிச்சும் அப்டேட் போடுவீங்களா?"

சுவரில் பழைய போர்டு மறுபடியும் தொண்டையைச் செருமியது.