காட்டாட்டின் காதில் வெட்டு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொல்பவனின் மீசை பற்றி எரியட்டும். கிரீட் தீவின் மலைகளில் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

காட்டாடுகளுக்குக் காவலனான மனூசோஸ், அந்த வசந்தத்தில் தூரக்கண்ணாடி வழியே பதினோரு குட்டிகளைப் பார்த்தான். காட்டாடு மனித வாடை பட்டாலே பாறை தாவி ஓடிவிடும். ஆனால் பதினோரு குட்டிகளுக்கும் இடக்காதில் இரண்டு வெட்டு, வலக்காதில் ஒரு துளை. அங்கே ஒவ்வொரு மேய்ப்பனும் தன் ஆடுகளின் காதில் தனி அடையாளம் வெட்டுவான். இது, மூன்று வருடங்களுக்கு முன் மூலிகை பறிக்கப் போய்ச் செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து செத்த அவன் அண்ணன் ஸ்த்ராதிஸுடைய அடையாளம்.

மனூசோஸ் நேரே அண்ணியிடம் போனான். ஆர்யிரோவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மறுமணம். மாப்பிள்ளை ஆலிவ் செக்குக்காரர்.

“என்ன கொழுந்தனாரே, காலையிலேயே ஊத்திக்கிட்டீங்களா?”

“நீங்களே வந்து பாருங்க அண்ணி.”

ஏறிப் போனார்கள். ஒரு குட்டி தானாக இறங்கி வந்து அவள் பாவாடையில் காதை உரசியது. ரத்தம் இன்னும் காயவில்லை. அவள் துளையை விரலால் தடவிப் பார்த்தாள்.

“அவருக்கு எப்பவுமே துளை கொஞ்சம் சரிஞ்சுதான் விழும்,” என்றாள். “செக்குக்காரர்கிட்ட சொல்லிடுங்க. புருஷன் உயிரோட இருக்கறவளுக்கு எதுக்கு இன்னொரு கல்யாணம்?”

கல்யாணம் நின்றது.

அதற்கு முந்தைய மாதம்தான், ஊர் வழக்கப்படி ஸ்த்ராதிஸின் எலும்புகளைக் கல்லறையிலிருந்து தோண்டியெடுத்து, ஒயினில் கழுவி, ஒன்றுகூடக் குறையாமல் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள் ஆர்யிரோ.