இறக்கையில்லாத ஈ

கோபுரப் பொந்தில் தொங்கிய வௌவாலுக்கு அன்று பொறுமை போய்விட்டது. பிடரி மயிருக்குள் குடியிருந்து ரத்தம் குடிக்கும் ஈயைத் துழாவிப் பிடித்து வாயருகே கொண்டுபோனது.

"குடிச்சது போதும். பறந்து போயிடு. இல்லேன்னா மென்னுடுவேன்."

"எதை வெச்சுப் பறக்க, அக்கா? என் முதுகைப் பாருங்க," என்றது ஈ. "எங்க வம்சத்துக்கும் ஒரு காலத்துல இறக்கை இருந்துச்சு. உங்க இறக்கைதான் இருக்கேன்னு கொஞ்சங்கொஞ்சமா விட்டுட்டோம்."

வௌவால் முணுமுணுத்துக்கொண்டே அதைப் பழைய இடத்தில் விட்டது. விட்டவுடனே அங்கே அரிக்கத் தொடங்கியது.

பொழுது சாய்ந்ததும் கூட்டம் இரை தேடக் கிளம்பியது. இந்த வௌவால் மட்டும் இறக்கையை விரித்துவிட்டுத் தயங்கியது.

"என்னக்கா, கிளம்பலையா?"

"கெட்டியாப் பிடிச்சுக்கிட்டியா?" என்று கேட்டது வௌவால்.