சீந்தாத மருந்து

கரப்பான்பூச்சி மருந்துக்காரர் ஓட்டல் சமையலறைத் தரையோடு தரையாகக் குனிந்து, ஃப்ரிட்ஜுக்கு அடியில் டார்ச் அடிக்கிறார். போன வாரம் அவர் வைத்த பசை மருந்து கடுகு கடுகாய் அப்படியே காய்ந்து கிடக்கிறது. ஒரு பூச்சிகூட வாய் வைக்கவில்லை. ஸ்ப்ரே நெடி மூக்கைத் துளைக்கிறது. தலைமாட்டில் முதலாளியின் செருப்பு தாளம் போடுகிறது. "உங்க மருந்து சுத்த வேஸ்ட்டுங்க. பாத்திரம் கழுவுற அம்மாவும் சுத்தமில்ல. இப்பதான் சீட்டைக் கிழிச்சு அனுப்பினேன்." கழுவும் தொட்டி கண்ணாடியாய்ப் பளபளக்கிறது. ஆணியில் அந்த அம்மாவின் ஏப்ரன் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. மருந்துக்காரர் எழுந்து நிற்கிறார். "என் மருந்துமேல ஸ்ப்ரே அடிச்சது யாரு?" "நான்தான். தினம் ரெண்டு வேளை, என் கையாலயே அடிக்கிறேன்." "அடிக்காதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! அந்த நாத்தம் பட்டா மருந்தைப் பூச்சி சீந்தாது. ஒரு மூலையில இருந்தது கடை பூரா ஓடும்." முதலாளியின் கை ஸ்ப்ரே டின்னை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறது. மருந்துக்காரர் ஈர ஏப்ரனை ஆணியிலிருந்து உருவி, முதலாளியின் வெள்ளைச் சட்டைத் தோளில் பொத்தென்று போடுகிறார். "தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டாங்க. ஓடுங்க. அவங்க வந்தப்புறம்தான் என் பெட்டியைத் திறப்பேன்."