கூரியர் பையில் ஒரு பெட்டி

ஹேமலதா பட்டுநூல் வளையல் செய்து ஆன்லைனில் விற்கிறாள். பெட்டியில் அடைத்து அனுப்புவது கணவன் முரளிதரனின் வேலை. வாங்குகிறவர் இலவசம் என்று தேர்ந்தெடுத்தால் தபாலில் எட்டு நாள். அறுபது ரூபாய் கட்டினால் கூரியரில் மறுநாளே போய்விடும். இதில் முரளி யாருக்கும் சலுகை காட்டியதில்லை. வளைகாப்புக்கு அவசரம் என்று போனில் அழுத பெண்ணிடமே, "அறுபது ரூபா கட்டுங்க மேடம், பறந்து வரும்" என்றவன்.

அன்று கூரியர் பையில் திருநெல்வேலி வினோதாவின் பெட்டி இருந்தது. ஹேமலதா ஆர்டரைத் திறந்து பார்த்தாள். இலவசம் என்றுதான் இருந்தது.

"இது எப்படிங்க கூரியர்ல போகுது?"

"கை தவறி வெச்சிருப்பேன்."

"யாரு இந்த வினோதா?"

"காலேஜ்ல கூடப் படிச்சவ. அதுக்கென்ன இப்போ?"

"ஒண்ணுமில்ல. என் கூடப் பொறந்தவளுக்கே தபால்லதான அனுப்புறீங்க, அதான் கேட்டேன்."

முரளி சிரித்து மழுப்பினான். அவள் ஆர்டரை மறுபடியும் மேலிருந்து கீழ்வரை படித்தாள். வளையல் அளவு எழுதும் கட்டம் காலியாக இருந்தது. அப்படி விட்டுவிடுகிறவர்களைப் போனில் கூப்பிட்டுக் கேட்பதும் அவன் வேலைதான்.

"இவகிட்ட அளவு கேட்டீங்களா?"

"கேக்கல. அவளுக்கு ரெண்டு நாலு சைஸ்தான்" என்றவன், சொன்ன பிறகுதான் நிமிர்ந்தான்.

ஹேமலதா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என் அளவு என்ன, சொல்லுங்க."