இலேசான விசை

இவ்வளவு இலேசாகவா இருக்கும் என்று சுகந்தியின் மனம் திடுக்கிட்டது. மரக்கட்டையில் பொருத்தி, கடைக்காரர் பார்வைக்கு நீட்டிய துப்பாக்கி விசையை அவள் அழுத்தினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. விரல் பட்டதும் 'டிக்' என்றது.

பக்கத்துத் தெருவில் திருடன் புகுந்த பிறகு கணவன் இளமாறன் வாங்கிய துப்பாக்கி வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதன் விசையை எவ்வளவு இழுத்தாலும் அவளுக்கு மசியவில்லை. அதற்குத்தான் இந்த மாற்று விசை.

"விலையும் கம்மி, இழுக்கவும் சுலபம். நான் ஊர்ல இல்லாதப்ப எடுக்கப்போறது நீதானே, உன் விரல் சொல்லட்டும்," என்றான் இளமாறன். "கிரைண்டர் சுவிட்சையே ரெண்டு கையால அழுத்துறவ நீ."

அவன் சிரித்தான். தமிழ் தெரியாத வெள்ளைக்காரக் கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். அவள் கட்டையை மேசைமேல் வைத்தாள்.

'டிக்.'

சுகந்தியும் இளமாறனும் திரும்பினார்கள். லிப்ட் பொத்தானைத் தான்தான் அழுத்துவேன் என்று தினமும் அழும் மூன்று வயது மகள், நுனிக்காலில் எம்பி நின்று விசையில் விரலை வைத்திருந்தாள்.

"பாரு, பாப்பாவே இழுத்துட்டா. இதையே எடுத்துக்கலாமா?"

அவன் முகத்தில் பெருமைதான் இருந்தது. சுகந்தி அதையே சற்று நேரம் பார்த்தாள்.

"வேண்டாங்க. எனக்குன்னு எதுவும் வாங்காதீங்க," என்றாள், குரல் உயராமல்.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். உள்ளங்கைக்குள் அந்தச் சின்ன விரல் இன்னும் மடங்கி மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது.